ரான் டீச்சர் பிடித்த மூக்கு

ரான் குவாங்பி டீச்சர், ஷென் மேடத்தின் மூக்கைப் பிடித்தபோது அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஷென் மேடத்தால் விட முடியவில்லை. மற்றவர்களுக்கு மறந்துவிட்டது.

நடந்ததைச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பியவர் இல்லை. டேப்லெட்டில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. போட்டுப் பார்க்கும்போது அந்த இடம் வந்தால் இப்போதும் திரையை உள்ளங்கையால் மூடிவிடுகிறேன்.

ரான் குவாங்பிக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. எங்கள் பயிற்சி மையம் சோங்சிங்கில், ஆற்றங்கரைச் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கட்டடத்தில் இருந்தது. தெருவிலிருந்து நுழைந்தால் தரைத்தளம், ஆற்றுப்பக்கம் ஜன்னலைத் திறந்தால் பதினோராவது மாடி. அங்கே அவர் ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார். நான் இலக்கணம். அவருக்குக் குட்டையான உருவம், ரப்பர் அடி போட்ட ஷூ, படிக்கட்டில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். நூடுல்ஸைக் கடை வாசலில் நின்றபடியே சாப்பிடுவார். "உக்காந்தா காரம் தெரியும் தம்பி, நின்னா தெரியாது," என்பார். அது எப்படி என்று நான் கேட்டதில்லை. நான் பொதுவாக யாரிடமும் எதையும் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரிடம் வருகிறவர்கள் யாங்சி ஆற்றில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் கப்பல்களில் வேலை பார்ப்பவர்கள். அறை துடைப்பவர், வரவேற்பில் நிற்பவர், சாப்பாடு பரிமாறுபவர். முன்பு ஓட்டல்காரர்களும் வந்தார்கள். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் ஆப் ஒன்று போனில் வந்தது, அவர்கள் நின்றுவிட்டார்கள். கப்பல்காரர்கள் மட்டும் மிச்சம்.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு சங்கதி உண்டு. ந-வும் ல-வும் இவர்கள் வாயில் ஒன்று. குடிக்கிற பாலுக்கு நாடெங்கும் நியூநாய் என்று பேர்; இங்கே லியூலாய். வாயில் ஒன்று என்பதைவிடக் காதில் ஒன்று என்பதுதான் சரி. நான் வடக்கே ஷென்யாங்கிலிருந்து வந்தவன். சாவ்தியன்மென் படித்துறையில் நின்று பார்த்தால், இரண்டு ஆறுகள் வந்து சேர்ந்தும் சேராமல், ஒன்று பச்சையாக, ஒன்று பழுப்பாக, கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எனக்கு இந்த இரண்டு ஒலிகளும் அப்படி. இவர்கள் நிற்பது இன்னும் கீழே, ஒரே ஆறாகிவிட்ட இடத்தில்.

சீனமொழியில் இதனால் பெரிய தொல்லை இல்லை. கேலி செய்வார்கள், முடிந்தது. ஆங்கிலத்தில் லைட் போட்டால் நைட் ஆகிவிடும். லைஃப் என்று வாயைத் திறந்தால் நைஃப் வந்து விழும். உயிர் கத்தியாகிவிடும்.

துவோ மிங்ட்சாய் இந்தக் கத்தியால்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

துவோவை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. கப்பலில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது அவர் வேலை. புறப்படுகிற மாலையில் பயணிகளை மேல்தளத்தில் கூட்டி, கையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, அது ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் இருக்கிறது, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் சில வரிகள் சொல்வார். வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். ஒரு பயணத்தில் வெளிநாட்டுக் கிழவி ஒருத்தி அறிவிப்பு முடிந்ததும் நேரே வரவேற்புக்குப் போனாள். வரவேற்பில் இருந்தவள் வென்ஜிங். அவளும் ரான் டீச்சரின் மாணவிதான். நடந்ததை அவள் வகுப்பில் நடித்தே காட்டினாள்.

"அந்த அம்மா மேசையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது டீச்சர். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலயும் கத்தி ஏன் வெச்சிருக்கீங்கன்னு கேக்குது. நான் யோசிச்சேன். பழம் நறுக்க மேடம்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றார் துவோ.

"வேற என்ன சொல்ல, அண்ணே? நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரிக்கு வேற ரூம் குடுன்னு அழுதுச்சு. வேற ரூம்ல மட்டும் கட்டில் இல்லையா?"

வகுப்பு சிரித்தது. துவோ சிரிக்கவில்லை. கிழவி ஊருக்குப் போய்ப் புகார் எழுதிவிட்டாள். கப்பல் நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவி ஷென் மேடம், பெய்ஜிங்காரர். அவரிடமிருந்து எங்கள் மையத்தின் மேனேஜர் பெங்குக்கு போன் வந்தது. துவோவை அவரே நேரில் வந்து சோதிப்பார். தேறினால் துவோ மேல்தளத்திலேயே இருக்கலாம், ரான் டீச்சரின் வகுப்பும் இருக்கும். தேறாவிட்டால் துவோ கீழே சலவை அறைக்கு. கப்பல்காரர்கள் எல்லோருக்கும் ஆப். ரான் டீச்சர் வீட்டுக்கு.

சலவை அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது.

"ஆத்துமேல இருந்துக்கிட்டு ஆத்தப் பாக்காம இருக்கறதுக்கு, நான் வீட்லயே சுவத்தப் பாத்துட்டு உக்காந்துக்கலாம்," என்றார் துவோ.

"உங்க வீட்டுச் சுவத்தயும் என் வீட்டுச் சுவத்தயும் சேத்துப் போட்டா மாஜாங் ஆட ஒரு ரூம் ஆவும்," என்றார் ரான் டீச்சர். "வாயத் தொறங்க. லைஃப்."

"நைஃப்."

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

துவோ பிடித்துக்கொண்டார். சத்தம் உள்ளேயே முட்டி, கண் பிதுங்கியது.

"அடச்சுக்கிச்சா?"

"அடச்சுக்கிச்சு டீச்சர்."

"அப்ப அது கத்தி. அடைக்காம வந்தா அதுதான் உயிர். நாக்கு நுனி மேல பல்லுக்குப் பின்னாடி, ரெண்டுக்குமே அங்கதான். ஆனா மூச்சு எங்க போவுதுன்னு பாருங்க. மூக்குக்குப் போனா ந. நாக்குக்கு ரெண்டு பக்கமும் வழிஞ்சா ல. மறுபடி."

இதுதான் அவர் முறை. மூக்கைப் பிடிக்காமல் அவர் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. சொந்த மூக்கைப் பிடிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அவரே எழுந்து வந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துவிடுவார். மேசையில் ஈரத்தாள் பொட்டலம் எப்போதும் இருக்கும். சளி பிடித்தவர்களுக்கு விடுமுறை.

அவர் வகுப்பு முடிந்ததும் அதே அறையில் என் வகுப்பு. நான் முன்கூட்டியே வந்துவிடுவேன். வெளியே தாழ்வாரத்தில் நின்றவனை ஒருநாள் அவர் உள்ளே கூப்பிட்டார். "ஹாவ் தம்பி, இங்க வந்து உக்காருங்க. ஜன்னலோரம் வெளிச்சம் நல்லா இருக்கு. உங்க கவிதப் புஸ்தகத்தப் படிங்க. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க." முன்வரிசையில், பக்கவாட்டில் திருப்பிப் போட்ட நாற்காலி. மாணவர்கள் எனக்கு இடப்பக்கம், அவர் எனக்கு நேர் எதிரே. அன்றிலிருந்து அது என் இடம். நான் வராத நாளில் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக்கூடாது என்பாராம். எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு வெளிச்சம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை நாளன்று வென்ஜிங் உட்பட வகுப்பே வந்திருந்தது. பெங் மேனேஜர் டை கட்டியிருந்தார். தட்டில் சூரியகாந்தி விதை, தேநீர். ஷென் மேடம் இரண்டையும் தொடவில்லை. வெளிர் நிறக் கோட்டு, ஒல்லியான கண்ணாடி, உதட்டில் சிரிப்புக்கு இடமில்லாத ஒரு கோடு. என்னைப் பார்த்து, "நீங்க படம் எடுங்க, தலைமை ஆபீசுக்கு அனுப்பணும்," என்றார். நான் மையத்தின் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அறையின் பின்பக்கம் போனேன். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. ரான் டீச்சர் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார். டேப்லெட் என் முகத்தை நெற்றி வரை மறைத்திருந்தது. "ஹாவ் தம்பி, இப்படி முன்னாடி வாங்களேன்," என்றார். "இங்கேருந்துதான் எல்லாரும் தெரியறாங்க டீச்சர்," என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் அறிவிப்பு. துவோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். லைஃப் ஜாக்கெட் லைஃப் ஜாக்கெட்டாகவே வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஷென் மேடம் தலையசைத்தார்.

"இப்ப நான் ஒரு பயணி," என்றார். "என் பேரச் சொல்லுவேன். நீங்க திருப்பிச் சொல்லணும். ஆபத்துல ஆளப் பேர் சொல்லிக் கூப்பிடணுமில்ல. மிஸஸ் நெட்டில்டன்."

"மிஸஸ் லெட்டில்டன்," என்றார் துவோ.

"இல்ல. நெட்டில்டன்."

"லெட்டில்டன்." துவோவுக்கு அவர் என்ன திருத்துகிறார் என்றே தெரியவில்லை. வியர்த்துவிட்டது. ரான் டீச்சரைப் பார்த்தார்.

"சொல்லிக் குடுங்க டீச்சர்," என்றார் ஷென் மேடம். "நீங்க எப்படிச் சொல்லித் தர்றீங்கன்னு பாக்கத்தானே வந்திருக்கேன்."

ரான் டீச்சர் டேப்லெட்டின் பக்கம் ஒருமுறை திரும்பினார். அதன் பளபளத்த முதுகில் அவர் முகமே அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஷென் மேடத்தின் அருகே போனார். "மேடம், இன்னொரு தரம் சொல்லுங்க. மெதுவா."

"நெ..." என்று ஆரம்பித்தார் ஷென் மேடம்.

ரான் டீச்சரின் கை போனது. எப்போதும் போகிற மாதிரியே, எந்த அவசரமும் இல்லாமல், விளக்கு ஸ்விட்சுக்குப் போகிற கை மாதிரி. கண்ணாடிக்குக் கீழே இரண்டு விரல்கள் பொருந்தின. ஒலி பாதியில் செத்தது.

"ந," என்றார் ரான் டீச்சர், துவோவைப் பார்த்துத் திரும்பி. "அடைக்குது. மூக்குதான். நெட்டில்டன்."

"நெட்டில்டன்," என்றார் துவோ. மிகச் சரியாக.

அதற்குப் பிறகுதான் தன் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று ரான் டீச்சர் பார்த்தார். எடுத்தார். விரல்களில் முகப்பவுடர் ஒட்டியிருந்தது. ஷென் மேடத்தின் மூக்கில் இரண்டு சிவந்த வட்டம். கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைச் சரிசெய்யவும் அவருக்குத் தோன்றவில்லை. பெங் மேனேஜரின் உதட்டில் ஒரு விதைத்தோல் ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே ஆற்றில் ஒரு கப்பலின் சங்கு ஒலித்து, ஓய்ந்து, எதிர்க்கரையிலிருந்து எதிரொலியாகத் திரும்பி வந்தது.

"நீங்க இப்ப என்ன பண்ணீங்க?" என்றார் ஷென் மேடம். குரலில் கோபம் இல்லை. கோபம் வந்து சேர இன்னும் நேரமாகும் போலிருந்தது.

"மேடம், டீச்சருக்கு ரெண்டு நாளா சளி," என்றார் பெங் மேனேஜர்.

"அவங்களுக்குச் சளின்னா என் மூக்க ஏன் பிடிக்கணும்?"

பெங் மேனேஜர் தேநீரை மேடத்தின் பக்கம் நகர்த்தினார்.

"டீச்சர், நான் சொன்ன பேரு உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு மேடம்."

"பின்ன?"

"முன்னாடி நிக்கறது ந-வா ல-வான்னு தெரியல. தெரிஞ்ச வார்த்தைன்னா மனப்பாடமா இருக்கும். இது புதுப் பேரு." பவுடர் ஒட்டிய விரல்களைப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். பொறந்ததுலேருந்து."

டேப்லெட் என் கையில் கீழே இறங்கிவிட்டதைப் பதிவில் பார்க்கலாம். திடீரென்று தரை மட்டுமே தெரியும். தரையும், ரான் டீச்சரின் ரப்பர் ஷூவும்.

ஷென் மேடம் நம்பவில்லை. மேசையிலிருந்த ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, "லைட். நைட். எது முன்னாடி சொன்னேன்?" என்றார். ரான் டீச்சர் யோசித்து, "நைட்," என்றார். தப்பு. மறுபடி. தப்பு. அடுத்தது சரி, அது சூதாட்டத்தில் வருகிற சரி.

"எனக்குந்தான் கேக்காது மேடம்," என்றார் பெங் மேனேஜர், உதவி செய்வதாக நினைத்து.

"எனக்கும்," என்றாள் வென்ஜிங்.

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் துவோ.

ஷென் மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உச்சரிப்பு கற்றுத்தரும் இடத்தில், அதை நடத்துகிறவர், கற்றுத்தருகிறவர், கற்கிறவர் எல்லோரும் ஒரே செவிடாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தன வருஷமா எது சரி, எது தப்புன்னு எப்படிச் சொன்னீங்க? எல்லாரு மூக்கயும் எல்லா நேரமும் பிடிக்க முடியாதே."

ரான் டீச்சர் கையை நீட்டினார். கை என்னைக் காட்டியது.

"அவரு முகத்தப் பாத்து."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரு வடக்கத்திக்காரரு. யாராவது தப்பாச் சொன்னா இடது புருவம் லேசா ஏறும், பல்வலி வந்த மாதிரி. சரியாச் சொன்னா புஸ்தகத்துல பக்கத்தத் திருப்புவாரு. அவருக்கே தெரியாது."

எனக்கே தெரியாது. உண்மை. யாரும் பார்க்காத ஓர் ஓரத்தில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இத்தனை காலமும் அறையிலேயே அதிகமாகப் பார்க்கப்பட்டது என் முகம். ரத்தம் காது வரை ஏறியது. புருவத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அவருக்கு முன்னாடி?" என்றார் ஷென் மேடம். அவர் குரல் இப்போது மிகவும் சன்னமாகிவிட்டது.

"கீழ்க் கடைல தியன்ஜின்காரர் ஒருத்தர், அவரும் வடக்குதான், சமையலுக்கு இருந்தாரு. டீ குடிக்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெப்பேன்."

ஷென் மேடம் கிளம்பும்போது தீர்ப்பு சொன்னார். "அறிவிப்பு இங்க சரியா வந்துச்சு. ஆனா ஆபத்துல இவருக்கு ரெண்டு கையும் வேணும், மூக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது, கத்துக்குடுக்க டீச்சரும் பக்கத்துல இருக்க மாட்டாங்க. கப்பல்லயே பாக்கறேன். அடுத்த வாரம் ஏறுற பயணிங்க முன்னாடி. அறிவிப்புல ஒருத்தர் முகத்துல பயமோ சிரிப்போ தெரிஞ்சா, முடிஞ்சுது. இந்த வகுப்பும்தான்."

அன்று நூடுல்ஸ் கடையில் ரான் டீச்சர் உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பார்த்ததே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"கோவமா தம்பி?"

நான் என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"வெளிச்சமும் நல்லாத்தான் இருந்துச்சு அங்க. அது பொய்யில்ல." கிண்ணத்தைக் கிளறினார். "நூல் ஆலைல வேல பாத்தப்போ ரேடியோல இங்கிலீஷ் படிச்சேன். பேச்சுத் தேர்வுக்குப் போனேன். தேர்வு வெச்சவரு, நீ ரெண்டு எழுத்த ஒண்ணாச் சொல்றேன்னாரு. கேலி பண்றாருன்னு நெனச்சேன். ரெண்டு எழுத்து இருக்குன்னே எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கலர், எனக்கு மட்டும் தெரியலன்னா எப்படி இருக்கும்? ரோட்ல நடக்கவே பயமா இருந்துச்சு. வேற என்னெல்லாம் எனக்குத் தெரியலையோன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் சளி பிடிச்சுது. நல்ல சளி, மூக்கு ரெண்டும் அடச்சுப்போச்சு. படுத்துக்கிட்டே பாடம் சொல்லிப் பாத்தேன். சில வார்த்த போவுது, சில வார்த்த முட்டுது. எது முட்டுதுன்னு அகராதிய வெச்சுப் பாத்தா, எல்லாம் ந. சளி போறதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு படிச்சேன். குணமாயிடக் கூடாதுன்னு மருந்தே சாப்பிடல." சிரித்தார். பிறகு கேட்டார், "ஷென் மேடத்துக்கு வலிச்சிருக்குமா?"

மறுநாள் நான் மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். துவோ, "லைஃப்," என்றார். ரான் டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தைத் திருப்பலாமா, திருப்பினால் சரியாக இருக்குமா என்று யோசித்தேன். அதற்குள் புருவம் தானாக எங்கேயோ போய்விட்டது.

"இப்ப நீங்க நடிக்கிறீங்க தம்பி," என்றார் ரான் டீச்சர், வருத்தமில்லாமல். "பரவால்ல. நீங்க படிங்க."

என் முகம் கெட்டுப்போய்விட்டது. எனக்கு இரண்டும் கேட்கும். தப்பு என்று சொல்லலாம், சொன்னேன். வாயில் அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். துவோவின் மூக்கில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினார். இரண்டு கைகளிலும் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடுத்தார். கிளிப்போடு சொல்லும்போது லைஃப் தடையில்லாமல் வெளியே வரவேண்டும். கப்பலுக்கும் அந்தக் கிளிப்பைக் கொடுத்தனுப்பினார்.

"நாள் பூரா மாட்டிக்கிட்டுத் திரியறாரு டீச்சர்," என்றாள் வென்ஜிங். "சமையக்கட்டுல எல்லாரும் தாங்க நாறுறோமோன்னு குளிச்சுட்டு வர்றாங்க."

புறப்பாட்டு நாள் மாலை ரான் டீச்சரும் நானும் கப்பலுக்குப் போனோம். மேல்தளத்தில் வெளிநாட்டுப் பயணிகள், பெரும்பாலும் வயதானவர்கள், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஆரஞ்சுத் தோப்பு மாதிரி நின்றார்கள். ஷென் மேடம் கைப்பிடிச் சுவரோரம், ரான் டீச்சரிடமிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டார். துவோவின் மூக்கில் கிளிப் இல்லை. கிளிப் இருந்த தடம் இருந்தது. இரண்டு கைகளிலும் ஜாக்கெட்.

அவர் ஆரம்பித்தார். ரான் டீச்சர் என்னைப் பார்ப்பார் என்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவர் பார்க்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பக்கத்திலிருந்த மனைவியை. பிறகு அடுத்தவரை. லைஃப் ஜாக்கெட், ஒன்று. கிழவர் தன் ஜாக்கெட் பட்டையைச் சரிபார்த்தார். லைஃப் ஜாக்கெட், இன்னொன்று. மனைவி தலையாட்டினாள். பயம் இல்லை. சிரிப்பு இல்லை. மூன்றாவதும் வந்தது, போனது. அறிவிப்பு முடிந்தது. ஷென் மேடம் பேனாவை மூடினார். ரான் டீச்சரின் தோள்கள் இறங்கின.

துவோவுக்கு வந்த நிம்மதியில் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் ஜாக்கெட்டுகளை உயரத் தூக்கி, எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சொந்தமாகச் சொன்னார்.

"குட் லைட்."

வாரம் முழுவதும் கிளிப்போடு திரிந்தவர். மூக்கு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தளம் சிரித்தது. மேலே எரிந்த விளக்கைக் காட்டி யாரோ, "குட் லைட்," என்று பதில் சொன்னார்கள். ரான் டீச்சரின் முகம் வெளுத்தது. சிரிப்பு தெரிகிறது, காரணம் தெரியவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினார். என் இடது புருவம் அதற்குள் ஏறிவிட்டிருந்தது, நான் ஏற்றவில்லை.

அவருக்கு அது போதும். ஷென் மேடத்தைக் கடந்து, பயணிகளைக் கடந்து நேரே போனார். கை நிறைய ஜாக்கெட்டோடு தடுக்க வழியில்லாமல் நின்ற துவோவின் மூக்கைப் பிடித்தார்.

"முட்டணும் அண்ணே. முட்டுதா? இப்ப விடறேன். நைட்."

"நைட்," என்றார் துவோ.

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசைக் கிழவி இதை மிகுந்த கவனத்தோடு பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டாள். கணவரும் பிடித்துக்கொண்டார். அவர் பின்னால் இருந்தவர். அவருக்குப் பின்னால். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளம் முழுவதும், வரிசை வரிசையாக, ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த உத்தரவுக்குக் காத்து நின்றார்கள்.

ஷென் மேடத்தின் வாய் திறந்திருந்தது. மூடவில்லை.

"மேடம்," என்றாள் வென்ஜிங் மெதுவாக. "தண்ணில குதிக்கும்போது மூக்கப் பிடிச்சுக்கணும்னு கையேட்டுலயே இருக்கு. நாமதான் சொல்றதில்ல. இதுவும் பயிற்சின்னு நெனச்சுட்டாங்க."

ஷென் மேடம் பயணிகளைப் பார்த்தார், துவோவைப் பார்த்தார், ரான் டீச்சரைப் பார்த்தார். ரான் டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அறிவிப்புல யாரும் சிரிக்கல," என்றார் ஷென் மேடம் கடைசியில். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பவர் மாதிரி. "சிரிச்சது அதுக்கப்புறம். மத்த கப்பல் ஆளுங்களயும் உங்க வகுப்புக்கு அனுப்பறேன். எல்லாரயும்." பிறகு, "அவங்க மூக்க விடச் சொல்லுங்க, யாராவது," என்றார்.

துவோ சொன்னார். விட்டார்கள். கப்பல் சங்கு ஊதியது. கரையில் இறங்கும் பலகையில் ஷென் மேடம் எனக்கு முன்னால் நடந்தார். பாதி வழியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இரண்டு விரலால் தன் மூக்கை லேசாகப் பிடித்து ஏதோ சொல்லிப் பார்த்தார். முட்டியது. விட்டுவிட்டார்.

பின்னாலிருந்து ரான் டீச்சர் என் தோளைத் தட்டினார். "தம்பி, துவோ கடைசியாச் சொன்னது சரியா வந்துச்சில்ல?"

பையில் கைவிட்டு என் புத்தகத்தை எடுத்தேன். அவர் பார்க்கும்படி ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.